மாதர் சங்கத்து ஸ்வெட்டர்

சூரமங்கலம் கடையில் ஸ்வெட்டரைத் தலைவழியே மாட்டினேன். கம்பளி வாசனையில் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

எங்கள் ரயில்வே காலனி மாதர் சங்கத்தில் அதிகாரிகளின் மனைவிமார் நாற்காலியில் அமர்ந்து, ஒருவர் எண்களை வாசிக்க மற்றவர்கள் சீட்டில் அடிக்கும் தம்போலா ஆடுவார்கள். ஃபிட்டர் மனைவியான அம்மா டீ கொடுப்பாள். பங்களாதேஷ் போர் வந்ததும் ஆட்டம் நின்றது. ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னினார்கள். சேலத்து வெயிலில் ஸ்வெட்டர் யாருக்குப் பழக்கம்? முதல் ஸ்வெட்டரை எனக்கு மாட்டிப் பார்த்தார்கள். என் தலையே நுழையவில்லை.

தறிக்காரர் மகளான அம்மா டீத்தட்டைக் கீழே வைத்தாள். "நூல ரொம்ப இழுத்துப் புடிச்சுட்டீங்க. கழுத்த அவுத்து, தொளதொளன்னு உட்டுப் பின்னுங்க."

சங்கத் தலைவி எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். "நீங்களே உக்காந்து சொல்லிக்குடுங்க."

மூட்டை மூட்டையாக ஸ்வெட்டர்கள் ரயிலேறின. போர் முடிந்து தம்போலா திரும்பியபோது, அம்மா அதே நாற்காலியிலிருந்து எண்களைக் கணீரென்று வாசித்தாள். டீயை அவரவரே எடுத்துக்கொண்டார்கள்.