நாலு அத்தைமாரும் என் எண்ணூறு சிசி காரும்

மல்லிகைப்பூவும் கருகிய கிளட்ச்சும் கலந்தால் என்ன வாசனை வரும் தெரியுமா? எனக்குத் தெரியும். பூனா போகும் வழியில் கண்டாலா மலை ஏறும்போது என் முதல் காருக்குள் அடித்த வாசனை அது. இன்று காலை தாணே சிக்னலில் பக்கத்து லாரிக்காரன் கிளட்ச்சைக் கருக்கினான்... அவ்வளவுதான், எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். செம்பூரில் ஒரு ஆபீசில் எனக்கு வேலை. என் சம்பளத்தில் ஒரு பழைய எண்ணூறு சிசி கார் வாங்கியிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை ஓட்டிய முதல் கார் அதுதான். எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அந்த நேரம் பார்த்து என் அண்ணனும் ஒரு ஆயிரத்து இருநூறு சிசி காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பில்டிங்கில் வீட்டுக்கு ஒரு பார்க்கிங்தான். ரோட்டில் விட்டால் டோயிங் வண்டி தூக்கிக்கொண்டு போய்விடும். தினமும் சண்டை.

கடைசியில் அப்பா தீர்ப்பு சொன்னார். "பூனாவுல நிச்சயதார்த்தத்துக்குப் போறோம்லா? ரெண்டு வண்டியிலயும் டேங்க் ஃபுல் பண்ணிக்கிடுங்க. திரும்பி வந்து அதே பம்புல ஃபுல் பண்ணுவோம். எது கூடக் குடிச்சிருக்கோ, அத வித்துரணும். பொறவு யாரும் பேசப்பிடாது."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சின்ன இன்ஜின், சின்ன வயிறு... இதில் என்ன சந்தேகம்? அண்ணன் முகம் அப்போதே தொங்கிப்போயிற்று.

கிளம்புகிற அன்று காலையில்தான் வந்தது வினை. நிச்சயதார்த்தம் மங்கை அத்தையின் மகனுக்கு. அத்தை அப்பாவுக்கு அக்கா. அவரும் இன்னும் மூன்று அத்தைமாரும் பட்டுச்சேலை சரசரக்க வந்தார்கள். அண்ணன் கார்க் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம பிள்ள ஓட்டுத வண்டி இருக்கையில, அந்தப் பயகூட எவ போவா? தள்ளி உக்காருங்கட்டி!" என்றார் மங்கை அத்தை.

சீர்த் தட்டு அத்தைமார் கையைவிட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் குத்துவிளக்கு, பித்தளைக் குடம், வாழைத்தார், பலகாரத் தூக்கு எல்லாம் என் காருக்கே வந்து சேர்ந்தன. அண்ணன் காரில் அவனும் அப்பாவும் மட்டும். காலை நீட்டிக்கொண்டு போனார்கள்.

மலை ஏற்றத்தில் என் கார் முக்கியது, முனகியது. இரண்டாவது கியருக்குப் போனால் அணைந்துவிடும் போலிருந்தது. ஏசியை நிறுத்தப் போனேன்.

"ஏட்டி, பூ வாடிரும்! அத அணைக்காத!" என்று முன்சீட்டிலிருந்து கத்தினார் மங்கை அத்தை.

ஏசியோடு, முதல் கியரில், இன்ஜின் அலற அலற ஏறினோம். பின்சீட்டிலிருந்து மூன்று அத்தைமாரும் "தம் கட்டு, தம் கட்டு" என்று காருக்குத் தைரியம் சொன்னார்கள். திரும்பும்போது பாரம் குறையும் என்று நினைத்தேன். பெண் வீட்டார் பதில் தட்டு வைத்து, காலியான இடத்தையும் நிரப்பிவிட்டார்கள்.

சயானில் அதே பம்ப். அண்ணன் கார் முதலில் குடித்து முடித்தது. பிறகு என் கார். "மேடம், ஜீரோ தேக்கோ" என்று மீட்டரைக் காட்டினார் பம்புக்காரர். பார்த்தேன். எண் ஓடியது, அண்ணன் கார் நின்ற இடத்தைத் தாண்டியும் ஓடியது...

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டேங்க் ஒழுகுகிறது என்றார் அப்பா. பூனாவில் எவனோ பெட்ரோலைத் திருடிவிட்டான் என்றான் அண்ணன். ஜெயித்தவனே முழித்துக்கொண்டு நின்றான், பாவம்.

மங்கை அத்தைதான் எனக்காக அப்பாவிடம் சண்டைக்கு வந்தார். "ஏல, ரெண்டு மூட்ட சொமந்தவனும் அஞ்சு மூட்ட சொமந்தவனும் ஒரே சோறால திம்பான்? ஆளுக்கு எம்புட்டுன்னு பங்கு வச்சுப் பாருல!"

அப்பா விரலை மடக்கினார், நீட்டினார், தலையைச் சொறிந்தார். "ஆளையும் கணக்குல சேக்கணும்னா அத முன்னாலயே சொல்லியிருக்கணும்லாக்கா?" என்றார். வீம்புக்காரர். சொன்ன சொல் சொன்னதுதான்.

டோம்பிவிலிக்காரர் ஒருவர் வந்து என் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். மாடிப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஆசையாக வந்து ஏறியவர்களால்தான் தோற்றேன். யாரைக் கோபித்துக்கொள்வது?

இன்று என் கார் ஆயிரத்து ஐந்நூறு சிசி. பாரம், ஏற்றம், ஏசி, கியர் எல்லாம் சேர்ந்தால் சின்ன இன்ஜினும் மூச்சிரைத்துக் கூடக் குடிக்கும் என்று பிற்பாடு விளங்கியது. சரி, அப்படியென்றால் பாரமே இல்லாத பெரிய இன்ஜின் கொஞ்சமாகக் குடிக்க வேண்டாமா? டிராஃபிக்கில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து ஊர்ந்து போகிறேன், இதுவும் அன்றைக்கு அது குடித்த மாதிரியே குடிக்கிறது. நாலு அத்தைமாரும் இல்லை, குத்துவிளக்கும் இல்லை... என்ன கணக்கோ போங்கள்.

சாயங்காலம் மங்கை அத்தைக்குப் போன் போட்டேன். "அத்தை, பூனா போவோமா? பெரிய வண்டி, ஏசி போட்டு ஜம்முனு போலாம்."

"எம்புட்டுக் குடிக்கும்ட்டி அது?"

"நீங்க ஏறுனா கொறச்சலாத்தான் குடிக்கும் அத்தை."

அத்தை விடவில்லை.

"அன்னைக்கு நாங்க ஏறுனதால கூடக் குடிச்சதுக்கு வண்டியவே வித்துப்போட்டான் ஒங்கப்பன். இன்னைக்கு நான் ஏறுனா கொறையுமா? என்ன கணக்குட்டி இது?"

"எனக்கும் சரியாப் புரியல அத்தை... அன்னைக்கு நீங்க சொன்ன பங்குக் கணக்காத்தான் இருக்கும். நீங்க வந்து ஏறுங்க."