தவறைத் திருத்தப் படித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். சிலர் அவருடன் வேலை பார்த்தவர்கள். ‘பொறுமையே உருவானவர்’ என்று எழுதச் சொன்னார்கள். அக்கா இருந்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பார். தம் தொடக்க காலத்தில் அவர் பொறுமையானவர் அல்லர். அதை அவரே சொல்லுவார்.

நாகலூரில் எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்தவர் அக்கா. சமவெளியிலிருந்து காப்பி பறிக்க மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. பள்ளி விடுமுறையில் அம்மாவுடன் பழம் பறித்துக்கொண்டே படித்து, சேலத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்தார். எங்கள் லைனிலிருந்து ஆசிரியரான முதல் ஆள் அவர்தான். மலைக் கிராமப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடக்க வேண்டும். மழைக் காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்.

ஐம்பது வயதைத் தாண்டியபின் சேலத்தில் ஒரு பயிற்சிக்குப் போனார். சில பிள்ளைகளுக்கு எழுத்துகள் பிடிபடாமல் குழம்பும், அது சோம்பலும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல என்று அங்கே விளக்கியிருக்கிறார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

“மாதேசனை அடிச்சுப்போட்டேனே சாமி. படிக்கச் சோம்பல்னு நெனச்சு வாரக்கணக்கா அடிச்சிருக்கறேன். ‘உனக்கெல்லாம் படிப்பு வராது’ன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன். அதுக்கப்பறம் அவன் பள்ளிக்கூடமே வரல.”

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதேசனைத் தேடி அக்காவுடன் நானும் போனேன். மாதேசன் ஓர் எஸ்டேட்டில் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்தார்.

“ஏனுங்க டீச்சர், இவ்வளவு தூரம்?”

“உன்னைய அடிச்சது தப்பு மாதேசா. உனக்குப் படிப்பு வராதுன்னு சொன்னதும் தப்பு. எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியல.”

மாதேசன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நீங்க சொன்னதை நெசம்னே நம்பிட்டனுங்க டீச்சர். எங்க ஊட்டுல யாரு என்ன கேட்டாலும் ‘எனக்கென்ன தெரியும்’னுதான் சொல்லுவேன். அப்படியே பழகிப்போச்சுங்க.”

அவ்வளவுதான். மறுபடி ஏணியில் ஏறிவிட்டார். திரும்பும் வழியில், “அவருக்கு இப்பக் கோபமெல்லாம் இருக்காதுக்கா” என்று தேற்றப் பார்த்தேன். “இருக்கட்டும் சாமி. இருக்கறதுதான் நாயம்” என்றார் அக்கா. வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தார்.

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் சேலத்துக்குப் போனார். எழுத்துக் குழம்பும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம், தம் மகள் வயதுடையவரிடம், மாணவியாக உட்கார்ந்தார். “ரிட்டயர் ஆகற வயசுல இதெல்லாம் எதுக்குங்க?” என்று உடன் வேலை செய்தவர் கேட்டபோது, “இன்னும் ஆறு வருசம் புள்ளைங்க வருமுங்களே” என்றார். தட்டில் ராகி மாவைப் பரப்பி விரலால் எழுத வைப்பது, ஒலியைப் பிரித்துக் கைதட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கற்று வந்து வகுப்பில் செய்து பார்த்தார். பலிக்காத நாளும் உண்டு. அன்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாமல், சேலத்து ஆசிரியைக்குப் போன் போட்டு, “நான் எங்க தப்புப் பண்றேன், சொல்லுங்க” என்று கேட்பார்.

இரண்டு ஆண்டு கழித்து மாதேசன் தம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். “இவளுக்கும் என்னைய மாதிரியே இருக்குதுங்க டீச்சர்” என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் முழுதாகப் படிக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அன்று அக்கா எனக்குப் போன் செய்து, “படிச்சுட்டா சாமி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பயிற்சிப் பாடங்களைப் படித்துக்கொண்டிருந்தார். எழுத்து மங்கத் தொடங்கியபின் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசி நாள் காலையிலும் வாசித்தேன். பாதிப் பக்கத்தில் அவர் கை என் கையிலிருந்து நழுவியது. அந்தப் பக்கத்தை இன்றுவரை என்னால் முடிக்க முடியவில்லை.

அக்காவைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருந்த சேலத்து ஆசிரியைக்கும், பாடை தூக்கிய நாகலூர் மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாதேசனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் கதையை இங்கே எழுதலாமா என்று கேட்கப் போனேன். “எழுதுங்க. டீச்சர் என்னையத் தேடி வந்ததையும் எழுதுங்க” என்றார். மலர் அச்சானதும் நானே வந்து படித்துக்காட்டுகிறேன் என்றேன்.

“நீங்க வர வேண்டாமுங்க. எம்புள்ள படிப்பா.”