வைஃபைக்குப் பூட்டு, வாசலுக்கு ஏட்டையா

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நிர்மலாதேவிக்குக் கை ஓயாது. ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம் வீடு. மாடியில் உள்ள இரண்டு அறைகளை அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். வந்தவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு மாடியிலிருந்தே, "அக்கா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று கத்துவார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். போன சீசனில் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டுத் திறந்து விட்டாள். ஓசியில் கிடைத்தால் பினாயிலும் குடிக்கிற உலகம் இது. பக்கத்து லாட்ஜ், எதிரே சிப்ஸ் கடை, வேன் டிரைவர்கள் என்று ஆளாளுக்கு அதில் படம் பார்த்தார்கள்.

அப்போது அது அவளுக்கு உறைக்கவில்லை. இந்த வருஷம்தான் உறைத்தது. கணவன் இசக்கிராஜா ராணுவத்தில் இருக்கிறான். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், அவள் படித்த பி.எஸ்சி. பீரோவுக்குள்ளேயே கிடந்தது. முப்பத்தாறு வயதில், ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடும் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினாள். சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. அவர்கள் சொன்ன நிபந்தனை இரண்டே இரண்டு. வைஃபைக்குப் பூட்டு இருக்க வேண்டும், இன்டர்நெட் வேகம் நாற்பது எம்.பி.க்குக் குறையக் கூடாது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவர்களே சோதித்துப் பார்ப்பார்கள். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு.

பாஸ்வேர்டு போட்டாள். போட்ட நிமிஷமே மாமனாரின் கேமரா இருண்டுவிட்டது.

மாமனார் நல்லக்கண்ணு போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயரானவர். ஊருக்கே அவர் ஏட்டையா. வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷமாகியும் டியூட்டியை விடவில்லை. மகன் ஒரு லீவில் வாங்கி மாட்டிய கேமரா வாசலைக் காட்டும். கூடத்தில் அதன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கேட்டை மறித்து எந்த வேன் நிற்கிறது, யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று பகல் முழுக்கக் கவனிப்பார். இருண்ட திரையை அவர் பார்த்த பார்வையை நிர்மலாவால் தாங்க முடியவில்லை. ரவுட்டரில் இருந்த பூட்டு வகைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். கடைசியில் இருந்த ஒன்றுக்குக் கேமரா கண் திறந்தது. ஆனால் வேகம் பதினெட்டைத் தாண்டவில்லை.

பூட்டுப் போட்டதால்தான் வேகம் குறைகிறது என்று அவளே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். பயிற்சிப் பாடம் பார்க்கும்போது பூட்டை எடுப்பாள், முடிந்ததும் போடுவாள். எடுத்தால் விடிகாலையில் பறக்கும், லாட்ஜ்காரர்கள் எழுந்ததும் படுத்துவிடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தக் கதைதான்.

வியாழக்கிழமை தென்காசியிலிருந்து ஃபைபர் லைன் பார்க்கிற அல்தாப் வந்தான். ரவுட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, பூட்டு மேல குத்தம் இல்ல. நீங்க போட்டுருக்கது டி.கே.ஐ.பி., ரொம்பப் பழைய ரகம். அதப் போட்டா பெட்டியே பழைய காலத்து வேகத்துக்கு எறங்கிரும். ஏ.இ.எஸ்.னு புது ரகம் இருக்கு, அதப் போட்டா வேகமும் குறையாது, வெளியாளும் நுழைய முடியாது."

மாற்றினான். எண்பத்தெட்டு காட்டியது. கூடத்தில் கேமராத் திரை இருண்டது.

"கேமராவுக்கு அந்தப் பழைய பூட்டுதான் தெரியும்க்கா. புதுசு வாங்கிட்டா ரெண்டும் ஓடும்."

புதுக் கேமரா வர நாலு நாள் ஆகும். சோதனையோ நாளைக்கு. நிர்மலா கூடத்தைப் பார்த்தாள். வீட்டில் அந்த மனிதருக்கென்று இருக்கிற ஒரே வேலை அது. அதைப் பிடுங்கி இவள் ஒரு வேலை வாங்க வேண்டுமா?

"பழையபடியே வச்சிரு அல்தாப்" என்றாள்.

"ஏம்ப்பா, கைய எடு." ஏட்டையா கதவருகே நின்றிருந்தார். "புதுப் பூட்டே இருக்கட்டும்."

"மாமா, உங்க கேமரா..."

"அது இத்தன வருசத்துல ஒரு கோழித் திருடனயாவது பிடிச்சிருக்கா? நான் முப்பத்துநாலு வருசம் கண்ணாலதானம்மா பாத்தேன்."

சொன்னவர் திரையின் பிளக்கைத் தாமே பிடுங்கி, வயரைச் சுருட்டி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பிளாஸ்டிக் நாற்காலியும் குடையுமாகக் கேட்டுக்குப் போய்விட்டார். சாரல் அடித்தது. உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நிர்மலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெந்நீர் கேட்டுக் கீழே இறங்கி வந்தவர்களை அவர் தடுப்பது ஜன்னல் வழியே கேட்டது.

"சத்தம் போடாதிய. உள்ள எம் மருமக வேல பாக்கா."

பதினாலு வருஷத்தில் அவள் வடித்த சோறு, துவைத்த துணி, துடைத்த மாடி எதையும் அவர் வாய்விட்டு வேலை என்று சொன்னதில்லை.

பதினொன்றே காலுக்குச் சென்னைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பூட்டு சரி, வேகம் எண்பத்துமூன்று, வேலை உறுதி. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். முழங்கால் வரை வேட்டி நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, வேல கெடச்சிட்டு. உங்களாலதான். நீங்க செஞ்சத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஏட்டையா குடையை அவள் தலைக்கு மேலே நகர்த்திப் பிடித்தார்.

"டியூட்டி என்னைக்குலேர்ந்து?"

"திங்கக்கெழம மாமா. காலைல ஒம்போது மணிக்கு."

"அப்ப எட்டே முக்காலுக்கு நான் இங்கன வந்திருதேன்" என்றார்.