கூடுதலாக வந்த மூட்டைகள்

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். திண்டிவனம் உரக் கிடங்கில் இருப்புச் சரிபார்ப்பதற்காக, விழுப்புரம் அலுவலகத்திலிருந்து மேலதிகாரியுடன் போயிருந்தேன். விடிந்ததிலிருந்து மழை. யூரியாவுக்கு வந்த விவசாயிகள் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். சரிபார்ப்பு முடியும்வரை விற்கக் கூடாது என்பது விதி. மழை விட்டதும் உரம் போடாவிட்டால் பயிர் கெடும் என்பது எந்த விதியிலும் இல்லை.

"இன்னா சார், மூட்டய எண்றீங்களா, அரிசிய எண்றீங்களா? ஜல்தியா முடிங்க, பயிரு மஞ்சளா போய்க்கினு இருக்குது" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உண்மையில் நாங்கள் மூட்டைகளை எண்ணவே இல்லை. யாரும் எண்ணுவதில்லை. வெளியே நின்றபடி அடுக்கின் நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று பார்த்துப் பெருக்கிவிடுவோம். சந்தேகம் வந்தால் அடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. பிரிக்கும் கூலியை யார் தருவது என்று அது சொல்லாததால், அந்த விதியை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

பெருக்கிப் பார்த்ததில், பெரிய அடுக்கில் பதிவேட்டுக் கணக்கைவிட மூட்டைகள் அதிகமாக இருந்தன. குறைந்தால் பொறுப்பாளர் திருடிவிட்டார் என்று பொருள். கூடினால் விவசாயிகளுக்குக் குறைத்துக் கொடுத்து மிச்சம் பிடித்திருக்கிறார் என்று பொருள். கிடங்குப் பொறுப்பாளராக இருப்பவருக்கு மூன்றாவது வழி கிடையாது.

அவர் ஐம்பதைத் தாண்டிய, பருத்த மனிதர். "மேல ஷீட்டு ஒழுவுது சார். தண்ணி பட்டா யூரியா கரைஞ்சி பூடும். அதான் ஒழுவுற எடத்துக்கு நேரா, நடுவுல கெணறு மாதிரி காலியா உட்டு, கீழ டிரம் வெச்சிருக்கறேன்" என்றார். வேறு இடத்தில் அடுக்க முடியாதபடி கிடங்கு நிரம்பியிருந்தது. கூரையைப் பழுது பார்க்கச் சொல்லிப் பலமுறை எழுதியும் அனுமதி வரவில்லை.

"நடுவுல காலின்னு நீங்க சொல்றீங்க. என் கண்ணுக்குத் தெரியறது நிறைஞ்ச அடுக்கு. நான் எதை எழுதறது?" என்றார் மேலதிகாரி.

லோடுமேன்கள் வரட்டும், பிரித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவர்கள் அரிசி ஆலைக்குப் போயிருந்தார்கள். மேலதிகாரி மழையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிடங்குக்கு சீல் வைத்துவிட்டு, கூடுதல் என்று அறிக்கை எழுதிவிடலாம் என்றார். அப்படி எழுதினால் பொறுப்பாளருக்கு அன்றே தற்காலிகப் பணிநீக்கம்.

மேலதிகாரி பேசியது வாசலுக்குக் கேட்டுவிட்டது.

"அப்போ கூடுதலா கீறது எங்க மூட்டையா? யோவ், எங்க வவுத்துலயா அடிச்ச?"

மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த பொறுப்பாளருக்கு அந்தக் குரல்தான் தாங்கவில்லை. "நானே ஏறிக் காட்றேன்" என்று ஏணியை இழுத்துச் சாத்தினார். வேண்டாம் என்று நான் சொன்னபோது பாதி ஏணி ஏறிவிட்டார். உச்சிக்குப் போய், குனிந்து, "இதோ பாருங்க சார், காலி" என்று கையை நீட்டினார். ஈரம் கசிந்த மூட்டைகள் வழுக்கிச் சரிந்தன. அவரோடு சேர்ந்து அந்தக் கிணற்றுக்குள் இறங்கின.

மேலதிகாரியும் நானும் நின்ற இடத்திலேயே நின்றோம். வாசலில் திட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் உள்ளே ஓடிவந்தார்கள். சங்கிலியாக நின்று மூட்டைகளைக் கைமாற்றி வெளித் தாழ்வாரத்தில் போட்டார்கள். "அண்ணே, மூச்ச உடுண்ணே, தோ வந்துட்டோம்" என்று உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார், சற்றுமுன் 'யோவ்' என்றவர். பொறுப்பாளரை வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. டிராக்டரில் ஏற்றி, மேலே ஒரு கோணியைப் பிடித்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

தாழ்வாரத்தில் மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. வேறு வேலை இல்லாததால் நான் எண்ணினேன். உள்ளே நின்றவற்றையும் சேர்த்தால், அவருடைய பதிவேட்டுக் கணக்குக்கு ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. "வித்தியாசம் இல்லை" என்று மேலதிகாரி எழுத, நானும் கையெழுத்திட்டேன். கூரைக்கு அடுத்த மாதமே அனுமதி வந்தது. பொறுப்பாளர் பிழைத்தார், ஆனால் அதன்பிறகு கோல் இல்லாமல் நடக்கவில்லை.

அண்மையில் என் மருமகன் வேலை பார்க்கும் கிடங்கைச் சுற்றிப் பார்த்தேன். பெட்டிக்குப் பெட்டி கோடு கோடாக பார்கோடு. கருவியைக் காட்டினால் 'பீப்' என்கிறது. "உள்ள போவும்போதே பதிவாயிடும் மாமா, அப்பறம் யாரையும் கேக்கவே வேணாம்" என்றார். நல்ல கருவிதான். அது சொன்னதை அங்கே எல்லோரும் உடனே நம்புகிறார்கள். அன்றும் மூட்டைகள் உள்ளே போகும்போது எண்ணி வைத்த ஒருவர் எங்கள் எதிரிலேயே நின்று சொன்னார். அவர் மனிதர் என்பதால் நாங்கள் நம்பவில்லை. இப்போதெல்லாம் யாராவது தன் சொல்லை நிரூபிக்க வேகமாக எழுந்தால், என்ன விஷயம் என்றுகூடக் கேட்காமல், முதலில் அவரை உட்காரச் சொல்கிறேன்.