நான் மறைத்து வைத்த விமானம்

மயிலிட்டிக் கடலடியில் உலகப்போர்க் கால விமானமொன்று கிடப்பது, என் மீன்வலையில் அதன் தகடு வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அதைச் சுற்றி மீன் கூடும் என்பதால் எவருக்கும் இடத்தைச் சொன்னதில்லை. அதை மீட்டுத் திருத்தவென்று கடலடியில் மூழ்கித் தேட வந்த சுழியோடிகளுக்கும் வேறிடத்தையே காட்டினேன்.

மூன்றாம் நாளும் வெறுங்கையோடு மேலே வந்த அவர்களின் தலைவர், "அண்ணை, நீங்கள் பிழையாக் காட்டியிருக்க மாட்டியள். நாங்கள்தான் வடிவாத் தேடேல்லை" என்றார்.

கூசிப்போனேன். "சரியான இடத்துக்குக் கோயில் கோபுரத்தையும் வெளிச்சவீட்டையும் நேராப் பிடிக்கவேணும், வாங்கோ" என்று படகைத் திருப்பினேன்.

மறுவாரம் பாரந்தூக்கி இழுக்க, இறக்கைகளில் தண்ணீர் கொட்டக் கொட்ட அது எழுந்தது. விமானியின் இருக்கையிலிருந்து மீன்கள் துள்ளி விழுந்தன. முன் காற்றாடியில் நான் பறிகொடுத்த வலைகள் சுற்றிக் கிடந்தன.

என் பிள்ளைகளுக்கு இத்தனை வருடம் சோறு போட்டதன் முகத்தை அன்றுதான் பார்த்தேன். என்னையறியாமல் கைகூப்பினேன்.