பெருவிரலுக்குக் கீழே ஒரு கிழமை

‘பார்த்திப வருஷம், ஆவணி மாதம் 12ஆம் திகதி’ என்று தொடங்குகிறது அந்தக் கடிதம். அதற்கு அடுத்ததாகக் கிழமையும் எழுதப்பட்டிருக்கிறது. என் கைபேசியிலுள்ள படத்தில் அந்த இடத்தை என் சகலனின் பெருவிரல் மறைத்திருக்கிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏற்றிக் கறுத்துப்போன நகம். விரலுக்கு அப்பால் ‘கிழமை’ என்ற சொல் மட்டும் வெளியே நிற்கிறது. எல்லாக் கிழமைக்கும் பொதுவான சொல் அது. அதனால் ஒரு பயனும் இல்லை.

சகலன் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். விக்டோரியா மாநிலத்தில், மெல்பேர்னின் மல்கிரேவில் இருந்தார். நான் சிட்னியில், செவன் ஹில்ஸில். பதினாறு வருஷமாக ஞாயிறு காலைகளில் தொலைபேசியில் பேசுவோம். பேச்சு எப்போதும் அவருடைய பூட்டனில், அதாவது தகப்பனின் தாத்தாவில், போய் நிற்கும். பூட்டன் விக்டோரியா மகாராணி காலத்து எழுத்தாளர். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் படித்து, ஞானஸ்நானம் பெற்று, கோயில் திருவிழாக்களைக் கேலி செய்து துண்டுப்பிரசுரங்கள் போட்டவர். பத்து வருஷம் கழித்து நெற்றி நிறையத் திருநீற்றோடு திரும்பி வந்து, அதே கூர்மையோடு பாதிரிமாரைத் தாக்கி எழுதினார். இரண்டு பக்கத்தாரும் அவருடைய பிரசுரங்களைக் கொளுத்தினார்கள். அவருடைய செத்தவீட்டுக்கு இரண்டு பக்கத்திலும் இருந்து ஒருவரும் வரவில்லை என்பது குடும்பத்துக் கதை.

“கிழவர் ராணியின்ர காலத்தில எழுதினவர், நான் ராணியின்ர பேர் வைச்ச மாநிலத்தில இருந்து அவரைப் பற்றி எழுதுறன்” என்று சகலன் சிரிப்பார். அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்துக்கு ஒரே ஒரு வாதம்தான் இருந்தது: பூட்டன் இரண்டு முறை மதம் மாறியிருக்கலாம், ஆனால் ஒரு முறையும் எவரிடமும் கெஞ்சியதில்லை. வைத்தியர்கள் கெடு சொன்ன பிறகு அந்த வாதத்தைத் தவிர வேறொன்றும் அவருக்கு முக்கியமாக இருக்கவில்லை. காலவரிசை தயாரித்துக் கொடுப்பது என் வேலை. பழைய திகதிகளைச் சரிபார்ப்பது எனக்குப் பழக்கம். “என்ர சகலன் பிழைச்சாலும் பஞ்சாங்கம் பிழைக்காது” என்று அக்காவிடம் என்னைப் பகிடி பண்ணுவார்.

யாழ்ப்பாணத்து வீட்டைத் துப்புரவாக்கிய உறவினர் ஒருவர், தகரப் பெட்டியில் கிடந்த பழைய கடதாசிக் கட்டொன்றை அனுப்பியிருந்தார். அதைப் பார்க்க நான் மல்கிரேவுக்குப் போனேன். குசினி மேசையில், யன்னல் வெளிச்சத்தில், கட்டின் அடியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. ஒரு பாதிரியாருக்கு எழுதப்பட்டது. ‘நான் எழுதி வெளியிட்டவை சபையாரின் மனதைப் புண்படுத்தியமைக்காகத் தங்கள் பாதம் பணிந்து மன்னிப்புக் கோருகிறேன், என்னையும் என் பிள்ளைகளையும் கைவிட வேண்டாம், இனி எழுதமாட்டேன்.’ கீழே பூட்டனின் பெயர்.

சகலன் அதை வாசித்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பிறகு கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“வடிவா ஒரு படம் எடும். எடுத்திட்டு வருஷத்தைச் சொல்லும்.”

“விரல் மறைக்குது, அண்ணை.”

“மறைக்கிறது கிழமைதானே. வருஷம் தெரியுதெல்லோ?”

தெரிந்தது. நான் மறுபடி எடுக்கவில்லை. “பார்த்திப எண்டால் 1885” என்றேன். மனக்கணக்குத்தான். ஒரு நிமிஷமும் ஆகவில்லை.

“நிச்சயமோ?”

“ஓம் அண்ணை. சந்தேகமே இல்லை.”

“அப்ப கிழவர் காலில விழுந்துதான் இருக்கிறார்” என்றார். அடுத்த ஞாயிறு, புத்தகம் எப்படிப் போகுது என்று கேட்டேன். “எந்தப் புத்தகம்?” என்றார். எழுதிய தாள்களையெல்லாம் மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டதையும், கணினியில் இருந்ததை அழித்ததையும் அக்கா பிறகு சொன்னா. அதன்பின் அவர் சாப்பாட்டையும் குறைத்தார். வைத்தியர்கள் கொடுத்த கெடுவுக்கு முன்பே போய்விட்டார்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அக்கா அந்தக் கடிதத்தை மடித்து அவருடைய சேட் பொக்கற்றில் வைத்தா. “இது இவரின்ர பூட்டன்ர கடிதம். இவரோடயே போகட்டும். இங்க இருந்தால் எனக்கு இதைப் பார்க்க ஏலாது.” பக்கத்தில் நின்றவன் நான்தான். “சரி அக்கா, அதுதான் நல்லது” என்றேன்.

முப்பத்தொன்றாம் நாளுக்குக் கொடுக்கிற நினைவு மலரைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் வழக்கப்படி அதில் இரண்டு விஷயங்கள் கட்டாயம்: இறந்த வருஷம், மாதம், திதி ஆகியவற்றைச் சொல்லும் ஒரு வெண்பா, மற்றது வம்சாவளி. வெண்பாவில் ‘குரோதி’ என்று வருஷத்தை வைத்தேன். தமிழ் வருஷத்தின் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும், பின்னால் வாசிப்பவர் குழம்பக்கூடாது என்று ஆங்கில வருஷத்தையும் பக்கத்தில் போடப் போனேன். அந்த இடத்தில் கை நின்றது.

பார்த்திப 1885இல் வந்தது. 1945இலும் வந்தது.

வம்சாவளியை எடுத்துப் பார்த்தேன். நானே தட்டச்சுச் செய்தது. மேலே பூட்டனின் பெயர். அதற்குக் கீழே அவருடைய மகன். மகனுக்குக் கீழே, தாத்தாவின் பெயரை முதல் பேரனுக்கு வைக்கும் வழக்கப்படி, மறுபடியும் பூட்டனின் பெயர். அந்தப் பேரன்தான் சகலனின் தகப்பன். சகலனுக்கு இரண்டு வயதாகும்போது இறந்தவர். அவருடைய கையெழுத்தை மகன் கண்டதே இல்லை. ஒரே பெயரை ஒரே தாளில் இரண்டு முறை அடித்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சகலனின் மூத்த அக்கா கனடாவில் இருக்கிறா. அவவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஓம் தம்பி, எங்கட அப்பா மிஷன் பள்ளிக்கூடத்திலதான் படிப்பிச்சவர். பேப்பருக்கும் எழுதுவார். அதால ஒருக்கா வேலை போகப் பார்த்ததெண்டு அம்மா சொல்லுறவ.”

“எந்த வருஷம் அக்கா?”

“நான் அப்ப சின்னப் பிள்ளை, வருஷம் எங்க தெரியும். ஏன் இப்ப கேக்கிறீர்?”

நினைவு மலருக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். பிள்ளைகளுக்காக ஒரு வாத்தியார் வேலையைக் காப்பாற்ற எழுதிய கடிதமாக அது இருந்திருந்தால், சகலன் அதற்காக ஒருபோதும் தன் புத்தகத்தை எறிந்திருக்க மாட்டார். தகப்பனைப் பற்றி அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே தாளாகவும் அது இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்து அவரிடமிருந்து நான் பறித்திருக்கக்கூடும்.

ஆவணி பன்னிரண்டு அந்த இரண்டு வருஷங்களிலும் வெவ்வேறு கிழமைகளில் வருகிறது. பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்கிட்டுவிட்டேன். கிழமை தெரிந்தால் போதும். பூட்டனுடைய எழுத்து அச்சில் மட்டுமே மிஞ்சியிருந்தது; தகப்பனின் கையெழுத்து எங்காவது இருக்குமா என்று யாழ்ப்பாணத்தில் விசாரித்தேன். பள்ளிக்கூடத்துப் பதிவேடுகள் மிஞ்சவில்லை என்றார்கள். கடிதம் சகலனோடு எரிந்துவிட்டது.

படத்தை இன்றைக்கும் பெரிதாக்கிப் பார்த்தேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் பெருவிரல்தான் பெரிதாகிறது, நகத்தின் கறுப்பும் ரேகைகளும் தெளிவாகின்றன. “விரலை எடுங்கோ அண்ணை” என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். கடிதத்தை எழுதியவர் பூட்டனா, தகப்பனா என்பது இந்தக் குறிப்பை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.