ராஜா கையில் மொபைல்

மும்பை சயானில் ஒரு தியேட்டர். சரித்திரத்தைக் கிண்டலடிக்கும் தமிழ்ப் படம். பக்கத்து இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தார். "இந்தச் செருப்பு மழைக்குத் தாங்காது அண்ணாச்சி. நான் தாராவியில செருப்புதான் தைக்கேன்" என்றார். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்திருந்தது. யார் கேட்டார்கள் இவரை என்று எனக்கு எரிச்சல்.

படத்தில் ராஜா போர்க்களத்தில் மொபைலில் பேசினார். யானைக்கு பெட்ரோல் போட்டார்கள். இவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும்தான். அப்புறம் அரண்மனையில் செருப்பு தைப்பவனை ராஜா எட்டி உதைத்தார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. தியேட்டரே அதிர்ந்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை.

இடைவேளையில் விளக்கு எரிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ராஜா கையில மொபைலக் குடுத்தானுவ. யானைக்கு பெட்ரோல் போட்டானுவ. இவ்வளவையும் மாத்துனவனுக்கு அந்த மிதிய மட்டும் மாத்தத் தோணலியா?"

"காமெடிதானே, விடுங்க."

"சரி, நீங்க எதுக்கு அண்ணாச்சி சிரிச்சிய?"

அவர் எழுந்து போனார், திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டாரே என்று முதலில் அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. பிறகுதான் படம் எடுத்தவன்மேல்.

இடைவேளைக்குப் பிறகு ராஜா மறுபடியும் உதைத்தார். பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டே நான் மறுபடியும் சிரித்துவிட்டேன், வெட்கங்கெட்டவன்.